தம்பி இருக்கிற இடம்

குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் வார்டில் அவளை எல்லோரும் 'சிஸ்டர்' என்பார்கள். நர்ஸ்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் இவளைக் கூப்பிடும்போது மட்டும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், முகம் அப்படி. புதிதாக வந்த டாக்டர் ஒருவர், "நீங்க எந்த மடத்துச் சிஸ்டர்?" என்று கேட்டே விட்டார். "என் வீட்டுக்காரர் மடம் சார். அங்கயும் மௌனம்தான்" என்றாள். அன்றைக்கு வார்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பிள்ளை தேறாது என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதும், ஊசி மருந்து கலக்க வைத்திருக்கும் தண்ணீர்க் குப்பி ஒன்றை உடைப்பாள். பிள்ளையின் நெற்றியில் மூன்று முறை சொட்டு விடுவாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று உதடு மட்டும் அசையும். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சபையின் சட்டம். சாகப்போகிற பிள்ளைக்குக் கிருமியில்லாத தண்ணீர் எதற்கு என்று கேட்காதீர்கள், அது நர்ஸ் புத்தி. எந்த மதத்துப் பிள்ளை என்று அவள் பார்த்ததில்லை. பெற்றவர்களைக் கேட்டதும் இல்லை. கேட்காமல் செய்தது தப்புதான், மறுக்க முடியாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளால் ஆகாது.

காரணம் அவள் தம்பி. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது பிறந்தான். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய தாய்மாமன் வெளியூரில் வேலையில் இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கட்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார்கள். மாமன் வந்து சேர்வதற்குள் காய்ச்சல் முந்திக்கொண்டது. அப்போது மாதா கோயிலில் இருந்த பெரிய சாமியார் மகா கண்டிப்பானவர். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார். மணியும் இல்லை, செபமும் இல்லை. அப்பா சோப்பு வந்த மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, அதன் மூடியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னே போனாள். தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள்.

அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மோட்சமும் கிடையாது, வேதனையும் கிடையாது, நரகத்தின் ஓரத்தில் ஒரு தனி இடம் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் கையைத் தூக்கி, "அங்க அவங்களை யாரு தூக்கி வெச்சுப்பாங்க?" என்று கேட்டாள். முட்டி போட வைத்தார்கள்.

இப்போது சுவருக்கு வெளியே தார் ரோடு, அதன்மேல் ஒரு பஸ் நிறுத்தம். மழை பெய்தாலும் முந்தின நிறுத்தம் வரை நடந்துபோய்த்தான் ஏறுவாள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்குகிற மாதிரி அவளுக்கு மட்டும் ஒரு குலுக்கல் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டுக்குக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மா கதை வேறு. பிள்ளை போனதிலிருந்து அம்மா சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, பூசையில் நாவில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்கவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது இவள் மட்டும் கடைசி பெஞ்சில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று வேதம் சேராத பக்கத்து வீட்டுக்காரியே கேலி செய்வாள். பெரிய சாமியார் மேல் உள்ள கோபம் என்று ஊர் சொன்னது. மகளும் அப்படித்தான் நினைத்தாள். பெரிய சாமியார் செத்து எலும்பும் மக்கிய பிறகும் இதென்ன வீம்பு என்று சில நாள் எரிச்சலும் பட்டாள்.

இந்த வருஷம் அம்மா படுத்துவிட்டாள். ஈரலில் கட்டி. இந்த வாரமோ அடுத்த வாரமோ என்றார்கள். சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதலுக்குச் சாமியாரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டால் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாவத்தோடு போய்விடுவாளே என்று மகள் பயந்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் போய்ச் சாமியாரைப் பார்த்தாள்.

இளம் சாமியார். அவள் பேசி முடிக்கும்வரை கைபேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார், இந்தக் காலத்தில் அதுவே பெரிய மரியாதை. தம்பியைப் பற்றிச் சொன்னாள். வார்டில் தான் செய்வதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அம்மா, நரகத்து ஓரத்துல இருக்கிற அந்த இடத்தைப் பத்தி இப்ப யாரும் போதிக்கிறதில்ல" என்றார் அவர் தணிவாக. "அது அந்தக் காலத்துப் பெரியவங்களோட கருத்து. அந்தப் பிள்ளைங்களைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். உங்க தம்பி அவர்கிட்டதான் இருக்கான்னு நம்பலாம்."

"கருத்தா?" என்றாள். "ஒரு கருத்துக்காகவா ஃபாதர் என் தம்பியை ரோட்டுல போட்டீங்க?"

"நான் அப்ப பொறக்கவே இல்லம்மா."

நியாயம்தான். ஆனால் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு சொல்கிற பதிலா அது? சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்.

கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதையே அம்மாவிடமும் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"சாமி, உறுதியாச் சொல்றீங்களா?"

"நம்பலாம்மா."

"பெரிய சாமி இப்படி இழுக்கல. இல்லேன்னா இல்லேன்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டாரு."

"அம்மா, அவர் மேல இருக்கிற கோபத்தை இப்பவாவது விடும்மா" என்றாள் மகள்.

"கோபமா? எனக்கு யார் மேலடி கோபம்?" அம்மா மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கா காலத்துல நன்மை வாங்காம இருந்தா சாவான பாவம், நேரா நரகம்னு படிச்சிருக்கேன். திருட முடியுமா, யாரையாவது கொல்லத்தான் முடியுமா? யாருக்கும் கெடுதல் இல்லாத சாவான பாவம் எனக்கு அது ஒண்ணுதான் கெடைச்சுது. வருஷம் தவறாம அதைத்தான் பண்ணேன். மோட்சத்துக்குப் போயிட்டா அவன் அழுறது கேக்காது. நரகம்னா அவனுக்குப் பக்கத்துலதானே? நடுவுல ஒரு சுவர்தான் இருக்கும். என் குரலாவது அவனுக்குக் கேக்கும்னு பார்த்தேன்."

பெற்றவள் ஐம்பது வருஷமாக நரகத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே வீட்டில் சோறு தின்றவளுக்குத் தெரியவில்லை.

"அவன் அங்க இல்லேன்னா நான் தப்பான பக்கம்ல போறேன்?" என்றாள் அம்மா.

"பாவசங்கீர்த்தனம் பண்ணுங்கம்மா. எல்லாம் சரியாயிடும்."

"பண்ணிட்டு மேல போறேன். அவன் அங்க இல்லேன்னா? உங்களுக்கு அப்புறம் வர்ற சாமி வேற மாதிரி சொன்னா? திரும்ப எறங்கி வர வழி உண்டா சாமி?"

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"நீ சொல்லுடி. அந்தப் பிள்ளைங்களை நீதானே வழியனுப்பி வைக்கிறே. அவன் எங்க இருக்கான்?"

தம்பி மேலே இருக்கிறான் என்றால், அவள் இத்தனை வருஷம் விட்ட சொட்டுகள் வெறும் தண்ணீர். சொட்டுகளுக்கு அர்த்தம் உண்டென்றால், தம்பி மேலே இல்லை. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

"மேலதாம்மா இருக்கான்."

"பார்த்த மாதிரி சொல்றே."

"ஆமாம்மா."

"சரி. நீ வெளிய போ. சாமி, கிட்ட வாங்க."

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். நன்மை வாங்கிய நாவோடு, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். மணி அடித்தது, செபம் நடந்தது, சுவருக்கு உள்ளே நல்ல இடம் கிடைத்தது. நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்றே ஒரு பிள்ளை தவறிக்கொண்டிருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார். இனிமேல் இது தேவையில்லை என்று அவள் சும்மா நின்றாள். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, ஏறத் தயங்கியது. அவள் கை குப்பியை உடைத்துவிட்டது. நெற்றியில் தண்ணீர் விழுந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. அம்மாவிடம் சொன்னதை அவளே நம்பவில்லை.

பிள்ளை கிடந்த கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அங்கே மேலே அம்மா தம்பியைத் தேடி ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி முகத்தைப் பார்த்துப் பார்த்து இறக்கி விட்டுக்கொண்டிருப்பாள். இப்போது போன இந்தப் பிள்ளையையும் தூக்கிப் பார்த்திருப்பாள்.