சந்தனப் பொட்டு வைத்த ஸ்விட்ச்

எனக்கு மூக்கின் மேல் கோபம். தப்பு நடந்தால் முதலில் அடுத்தவர் முகத்தைப் பார்க்கும் பழக்கமும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த காலை ஒன்று இருக்கிறது. அதை நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன். நன்றி அந்தப் பெண்ணுக்கு.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலைகளை ஒப்பந்தத்தில் பார்க்கிறேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று காலையிலேயே போன் வந்தது. புதுக் கட்டட லேபில் ஒரு கணினியிலும் நெட் இல்லை. பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. கீரனூரில் பஸ் ஏறி, வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

லேபில் எல்லாக் கணினி வயர்களும் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்ச் ஜம்மென்று இருந்தது. சந்தனம், குங்குமம், மேலே வாடிய சாமந்தி. லேப் உதவியாளர் பக்கத்தில் நின்றார். குடுமியான்மலையிலிருந்து வருபவர், தற்காலிக வேலை.

"மெயின ஆஃப் பண்ணிட்டு, வயரெல்லாம் கழட்டித் தொடைச்சுப் பொட்டு வச்சோம் சார். திரும்ப அப்புடியேதான் மாட்டுனேன்."

"அப்புடியேன்னா எப்புடிம்மா? எந்த வயரு எங்கிட்டுப் போகணும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சத்தம் கேட்டு முதல்வர் வந்தார். வயரை மாற்றிச் சொருகிவிட்டார்கள் என்று, ஒன்றையும் சோதிக்காமலே சொன்னேன். "பரீட்சை முடியட்டும். நாளைலேருந்து நீங்க வர வேணாம்மா" என்று அவரிடம் சொல்லிவிட்டு முதல்வர் போய்விட்டார்.

அந்த அம்மா அழவில்லை. தன் போனை நீட்டினார். "கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சேன் சார். பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு வயராக ஒப்பிட்டேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். லேபில் ஒரு கணினி விழித்ததும், நெட்டுக்குப் போகத் தனக்கொரு ஐபி எண் வேண்டும் என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். எண் கொடுக்கும் சர்வர் இருப்பதோ பழைய கட்டடத்தில், வேறொரு நெட்வொர்க்கில். அந்தக் குரல் அதுவரை போகாது. கல்யாணப் பந்தியில் பின் கூடத்தில் சாம்பார் கேட்டால் சமையல்கட்டுக்குக் கேட்காதே, அதுபோல. நடுவாசலில் ஒருவர் நின்று, "பின் கூடத்துக்குச் சாம்பார்" என்று போய்ச் சொல்லி, வாங்கி வந்து கொடுக்க வேண்டும். ஸ்விட்சில் அந்த வேலையைச் செய்வதுதான் ரிலே. எந்த லேபிலிருந்து கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சர்வரிடம் சொல்லும். அதை வைத்துத்தான் சர்வர் அந்த லேபுக்கு உரிய எண்ணைக் கொடுக்கும்.

ஸ்விட்சில் மற்ற எல்லாம் இருந்தன. சர்வரின் முகவரியைச் சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் காணோம்.

அந்த வரியை முதலில் டைப் செய்தது நான்தான். புது லேபை முதன்முதலாகத் திறந்த அன்று கடைசியாகத் தட்டினேன், கணினிகளுக்கு எண் வந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சேவ் செய்யாமல் ஓடினேன். கரண்ட் போனாலும் யூபிஎஸ் தாங்கியதால், மாதக்கணக்கில் ஸ்விட்சை யாரும் அணைக்காததால் என் குட்டு வெளிப்படவில்லை. பூஜைக்கு அணைத்ததும், சேவ் ஆகாத வரியை அது மறந்துவிட்டது.

மறுபடி தட்டினேன். இந்த முறை சேவ் செய்தேன். கணினிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அப்போது நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அம்மாவோ என்ன தப்பு என்றுகூடக் கேட்கவில்லை. மாணவர்களுக்கு நாற்காலிகளைச் சரி செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போக மனம் வரவில்லை. முதல்வர் அறைக்குப் போய், "தப்பு என்னோடது சார். அவங்க சரியாத்தான் மாட்டியிருக்காங்க" என்றேன். அவர் என்னைக் கிழித்த கிழியில் காது சுட்டது. ஆனால் அந்த அம்மாவின் வேலை தப்பியது. திரும்பி வந்து அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"காலைல சாப்புட்டிருக்க மாட்டீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார்.

இப்போதும் அவர் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எனக்குப் போன் வரும். "சார், ஸ்விட்ச ஆஃப் பண்ணப் போறோம். சேவ் பண்ணியிருக்கீங்கள்ல?"

பண்ணியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான், "அணைங்கம்மா" என்கிறேன்.