கட்டைவிரலை மடக்கிய பிடி

ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற எனக்குப் பலம் எங்கே குறைச்சல்? இடுப்பும் தொடையும் எந்த எடைக்கும் தயார். கைதான் காலை வாரியது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் இருக்கும். உப்பளத்தில் எங்கள் உடற்பயிற்சிக்கூடத்தில் இருந்தது, எடைத் தட்டுகள் மாட்டுகிற இரும்பு பார் ஒன்றே ஒன்று. அதைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்கிற டெட்லிஃப்டில், கடலூர்ப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டுமென்று எனக்கு வெறி. தேர்வன்று எல்லாரும் சாக்பீஸ் தூளைக் கையில் பூசினார்கள். நம் கடையில் இல்லாத வெள்ளைப் பொடியா என்று நான் மைதாவைக் கொண்டுபோய்ப் பூசினேன். வேர்வை பட்டதும் அது பசையாகிவிட்டது. முழங்காலைத் தாண்டுவதற்குள் பார் வழுக்கித் தடாலென்று விழுந்தது.

"யோவ், மாவு பிசையற கைக்கு இதெல்லாம் இன்னாத்துக்குய்யா?" என்றார் கூடத்துத் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஒரு மாசம் குடுங்க. திரும்பத் தூக்கிக் காட்றேன்" என்றேன். போட்டிக்கு இன்னும் நாளிருந்தது; போனால் போகிறதென்று சம்மதித்தார்.

நானும் சாக்பீஸுக்கு மாறினேன். இரண்டு உள்ளங்கையும் என்னைப் பார்க்கப் பிடித்தால், எடை ஏற ஏற விரல்கள் திறந்துகொண்டன. மற்றவர்களைப் போல ஒரு கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தேன். நழுவவில்லை, ஆனால் பார் ஒரு பக்கமாகச் சுழன்று காலை உரசித் தோலை உரித்தது. கையை மாற்றினாலும் அதே கதைதான்.

கடையில் மைதா மூட்டை இறக்கும்போது ஒருநாள் என் கையையே கவனித்தேன். மூட்டையின் காதைப் பிடிக்கையில் கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன்மேல் மற்ற விரல்களைப் பூட்டியிருந்தேன். பத்து வருஷமாக அப்படித்தான் தூக்குகிறேன், ஒரு மூட்டைகூட நழுவியதில்லை! அன்று சாயங்காலமே பாரையும் அப்படிப் பிடித்தேன். அம்மாடி, வலியில் உயிர் போயிற்று. நகம் கறுத்தது. மறுநாள் முஷ்டியாலேயே மாவு பிசைந்தேன்.

"சோத்த எடுத்து வாயில வைக்க முடியல, இந்த வீம்பு எதுக்குங்க உங்களுக்கு?" என்று திட்டிக்கொண்டே என் மனைவி விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். இரண்டு வாரத்தில் விரல் மரத்துப் பழகிவிட்டது.

சொன்ன நாளில் போனேன். அன்று விழுந்த எடைக்கு மேல் இன்னும் இரண்டு தட்டுகளைத் தலைவரே மாட்டினார். குனிந்து, விரலைப் பூட்டி, நிமிர்ந்தேன்.

"சரிய்யா, எறக்கு" என்றார் தலைவர்.

நான் இறக்கவில்லை.

"எறக்குய்யா, அதான் பாத்துட்டமே!"

அன்று சிரித்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்து முடித்த பிறகே இறக்கினேன்.

"கடலூருக்கு நீதான்யா போற" என்றார்.

"தெரியும்" என்றேன்.