ஷூவுக்கு அடி மாற்றும் நேரம்

மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் திருச்சுழி சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கான்வாஸ் ஷூ. வலது கால் ஷூ. மின்கம்பத்திலிருந்து நாலடி தள்ளி, அடிப்பாகம் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. மழைத்தண்ணீர் அதன் மேல் விழுந்து, ரப்பரின் எந்த வரிப்பள்ளத்திலும் தங்காமல் வழிந்தது. அண்ணனை அதற்குள் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அண்ணன் மின்வாரியத்தில் லயன்மேன். நான் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. அண்ணன், மதினி, நான் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

சிமெண்டுக் கம்பத்தில் அண்ணன் ஏணி இல்லாமல் ஏறுவார். பாதங்களைக் கம்பத்தின் இரு பக்கமும் அழுத்தி, கைகளால் பற்றி, உந்தி உந்திப் போவார். இடுப்புக் கயிற்றை மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டுவார். அதுவரை அவரைத் தாங்குவது ஷூவின் ரப்பர். அது தேய்ந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால், பழைய டயரை மெல்லிசாகச் சீவி, ஆணி அடிக்காமல் புது அடி தைத்துத் தருவார். எப்போது கொடுப்பது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. "அச்சுப்பிழை பாக்குற கண்ணுல்ல, இதையும் பாரு. என் ஷூவை நானே பாத்தா நல்லாத்தான் தெரியும்" என்று அண்ணன் என்னிடம் விட்டிருந்தார்.

பார்க்கும் விதத்தைத் தைப்பவர் சொல்லியிருந்தார். என் வயதுக்காரர், வாய்த்துடுக்கு உண்டு. "ஓட்டை விழுந்தப்புறம் கொண்டாந்தீகன்னா நூலு எதைப் பிடிக்கும்? ஒங்க சட்டையவா?" என்பார். பெருவிரல் பக்கத்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். அது தேய்ந்த சோப்பைப் போல உருண்டுவிட்டால் நேரம் வந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் இன்னொரு சோதனை. "துணி துவைக்கிற கல்லுல ஒரு செம்புத் தண்ணிய ஊத்துங்க. ஷூவைப் போட்டு ஏறி நில்லுங்க. வழுக்குச்சுன்னா அன்னைக்கே கொண்டாந்துருங்க. காஞ்ச கம்பத்துல தேஞ்சு மொழுக்கையான ரப்பரும் பிடிக்கும் அண்ணாச்சி, அதை நம்பாதீக."

அண்ணனுக்கும் எனக்கும் கால் ஒரே அளவு. அதனால் ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனையைச் செய்தேன். மழை பொய்த்த அந்த ஆண்டு அதைக் குறைத்துக்கொண்டேன்.

கடைசி ஞாயிறு காலை பத்து மணி. வலது ஷூவின் ஓரம் கொஞ்சம் உருண்டிருந்தது. உள்துணி தெரியும் அளவுக்குத் தேயவில்லை. சந்தேகம் வந்தது. தெருக்குழாய் வறண்டு போயிருந்தது. மதினி விடியுமுன்னே ஊருக்கு வெளியே போய், கிணற்றில் ஊற்று ஊறும்வரை காத்திருந்து மொண்டு வந்த இரண்டு குடம் மட்டும் வீட்டில் இருந்தது. நான் செம்பில் மொண்டேன்.

"என்ன தம்பி, ஷூவுக்குத் தாகமா? அந்தச் செம்புல ஒரு வேளைச் சோறாக்கிருவேன்" என்றார் மதினி.

அண்ணன் சிரித்தார். "ஏலே, வானத்தைப் பாரு. எந்தக் கம்பம் நனைஞ்சிருக்குன்னு நீ நனைச்சுப் பாக்கப் போற?"

தண்ணீரைக் குடத்தில் திருப்பி ஊற்றினேன். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்றேன். அண்ணன் சரி என்றார். நான் சொல்லி அவர் மறுத்ததில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை வந்தது. காற்றில் கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்தது. கம்பத்தடியில் நின்ற நெசவாளர்களிடம், எந்த விபத்துக்கும் கேட்பதைப் போலவே கேட்டேன். அண்ணன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். முக்கால் உயரத்தில் முதலில் வலது கால் வழுக்கியிருக்கிறது.

ஒருவர் தெலுங்கில் தொடங்கி, என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "மழை விடட்டும்னுதான் லயன்மேன் சொன்னாக. தீபாவளி நெருங்குதே, இருட்டுல எப்படி நெய்யன்னு நாங்கதான் கேட்டோம். 'என் தம்பி பாத்துச் சொன்ன ஷூ, ஒண்ணும் ஆகாது'ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறுனாக." நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு அந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன். சாலையோரத்தில் ஒரு கல் நனைந்து கிடந்தது. அதன் மேல் காலை வைத்து ஏறினேன். கால் நிற்கவில்லை.

அண்ணன் மறுநாள் முற்பகல் பதினொன்றரைக்கு இறந்தார். நினைவு திரும்பவில்லை. செய்தியை நானே எழுதி அனுப்பினேன். மழையில் நனைந்திருந்த கம்பத்திலிருந்து தவறி விழுந்தார் என்று எழுதினேன். ஐந்து வரி. ஒரு சொல்லும் மாறாமல் வந்தது.

பத்தாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு மதினி கேட்டார். "அன்னைக்குப் பாத்தீகளே தம்பி, ஷூ நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மதினி."

"அப்பச் சரி" என்றார்.

அந்த மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. பக்கத்தில் பாலவனத்தம் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்தது.