திருப்புலிவனத்துக் கொல்லையும் பிடுங்க வராத துவரையும்

அறுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் தறி நெய்துகொண்டிருந்த எங்களுக்குத் திருப்புலிவனத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருந்தது. அதைச் சின்னப்பனும் அவர் மனைவி மரியம்மாவும் வாரத்துக்கு, அதாவது பாதி விளைச்சலுக்கு, பயிர் செய்தார்கள். நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வேர்க்கடலை மூட்டை வரும் என்பதுதான். அந்தக் கார்த்திகையில் பக்கத்துக் கொல்லைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, "உங்க கொல்லையில மளிகைக் கடையே வச்சிக்கினு கீறான்" என்று கொளுத்திப் போட்டார். தன்னிடம் கொடுத்தால் கடலை மட்டும் போட்டு மூட்டையைக் கூட்டிக் காட்டுகிறேன் என்றார். "நீ போய்ச் சின்னப்பனைக் காலி பண்ணச் சொல்லிட்டு வா" என்று அண்ணன் என்னை அனுப்பினார்.

காலை 6.40 பஸ். பதினைந்து மைல், அறுபது நயா பைசா, ஒரு மணி பத்து நிமிஷம்.

"புலிவனத்துல இன்னா வேலை?" என்றார் கண்டக்டர்.

"கொல்லை பார்க்க."

"மழை ஏமாத்தன வருசத்துல இன்னாத்தப் பாக்கப் போற?" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவர் வாயில் நல்ல வார்த்தையே வராதோ என்று எரிச்சலாக இருந்தது.

இறங்கி ஒரு மைல் நடை. முதலில் வருவது பக்கத்துக்காரரின் கொல்லை. கடலை பிடுங்கியாகிவிட்டது, வெறும் புழுதி. அடுத்தது எங்களுடையது. பிடுங்கிய கடலைச் செடிகளிலிருந்து மரியம்மா காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஆறு வரிசைக் கடலைக்கு ஒரு வரிசை துவரை, மார்பு உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்து நின்றது. வரப்பு நெடுகிலும் ஆமணக்கு. மளிகைக் கடைதான்.

நான் வந்த சேதியைச் சொன்னேன். சின்னப்பன் கையிலிருந்த மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவைத்தார். கடலை பிடுங்கினால் வாரம் முடிந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். புதிதாக வருகிறவர் மறுநாளே ஏர் பூட்டலாம்.

"அப்போ தொவரை?" என்றார் மரியம்மா. "தையிலதான் ஐயா காய் முத்தும். இப்ப ஓட்டிட்டா பூவோட பூடும். கூலி வேலையும் இல்லாத மாசத்துல நாங்க இன்னாத்தத் துன்றது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "கடலைக்குப் போற சத்தையெல்லாம் இதுதானே உறிஞ்சுது!" என்று ஒரு துவரைச் செடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கை வழுக்கி, வெள்ளை வேட்டியோடு மல்லாந்து விழுந்தேன். மரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னப்பன் வேறு பக்கம் திரும்பி நின்றார், முதுகு குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சின்னப்பன் மண்வெட்டியால் செடியோரம் முழங்கால் ஆழம் வெட்டினார். "மல்லாட்ட மேலயே குடிச்சிக்கும். இது அடியில போய்க் குடிக்குது. ரெண்டுத்துக்கும் சண்ட இல்ல" என்றார். மல்லாட்டை என்றால் அங்கே வேர்க்கடலை. கையை விட்டுப் பார்த்தேன். கீழே மண் ஈரமாக இருந்தது.

"ஆமணக்கு எதுக்கு?"

"கம்பளிப்பூச்சிக்கு. மொதல்ல அதுலதான் ஏறும். ஏற ஏறப் பொறுக்கி நசுக்கிட்டோம்." இலைகளெல்லாம் சல்லடையாகத்தான் இருந்தன.

பக்கத்துக் கொல்லையும் இரண்டு ஏக்கர்தான். பூச்சியும் வறட்சியுமாக அவருக்குத் தேறியது ஐந்து மூட்டையாம். எங்கள் கொல்லையில் ஒன்பது. "போன வருசத்துக்கு ரெண்டு கொறச்சல்" என்று சின்னப்பனே ஒப்புக்கொண்டார். நல்ல மழை பெய்திருந்தால் பக்கத்துக்காரர் பேச்சே ஜெயித்திருக்கலாம். ஆனால் மழையை நம்பி ஒரே பயிர் போட அவருக்கு வசதி இருந்தது, இவர்களுக்கு இல்லை.

"இனிமே வாரம் கடலையோட முடியாது. தையிலிருந்து தைக்கு" என்றேன். அண்ணனைக் கேட்காமல்தான் சொன்னேன். மரியம்மா மடி நிறையக் கடலையை அள்ளி என் பையில் கொட்டினார். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது தனிக் கதை. தையில் சின்னப்பன் அதே பஸ்ஸில் துவரையில் பாதியைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் வாரப் பேச்சில் துவரை என்றைக்குமே இருந்ததில்லை, கடலை மட்டும்தான். அண்ணன் மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போ சின்னப்பா" என்றார்.

போகிறவர்களுக்கு: கார்த்திகையில் போனால் துவரைப் பூ பார்க்கலாம். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் நிழல் கிடையாது. வெள்ளை வேட்டி வேண்டாம். ஒருவேளை அங்கே யாரையாவது காலி செய்யச் சொல்ல உங்களை அனுப்பியிருந்தால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு துவரைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள்.