மனோகரன் அடித்த இரண்டு கோல்

சூடான பிளாஸ்டிக்கின் மணம் உடுப்பைத் தோய்த்த பிறகும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மெல்ல மூக்கைத் திருப்புவார்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் வாளிக்கு மூடி அடிக்கும் ஒரு தொழிற்சாலை. மல்வேர்னிலிருந்து காலை ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்தான்.

அங்கேதான் காங் மின்சு என் பக்கத்து மெஷினுக்கு வந்தான். பிறந்து வளர்ந்தது ஜப்பானில், ஒசாக்காவில். தாத்தா காலத்தில் கொரியாவிலிருந்து போன குடும்பம். இவ்வளவையும் அவன் சொல்லி நான் விளங்கிக்கொள்ள ஒரு குளிர்காலம் போய்விட்டது. எங்கள் இருவரின் இங்கிலீஷும் அப்படி.

லஞ்ச் பிரேக்கில் பழந்துணியை டேப்பால் சுற்றி, பார்க்கிங் லாட்டில் உதைத்துக்கொண்டிருப்போம். அவன் காலில் பட்டதும் அந்தத் துணி உருண்டைக்குக்கூட ஒரு ஒழுங்கு வந்துவிடும். ‘நீ ஆரடா?’ என்று கேட்காத குறைதான்.

ஜப்பானில் ஒரு கம்பனி அணிக்கு ஆடியவனாம். பகலில் வேலை, பின்னேரம் பயிற்சி. அங்கே தொழில்முறை லீக் தொடங்கிய நேரம் பெரிய அணி ஏதாவது கூப்பிடும் என்று காத்திருந்தான். அதற்குள் முழங்கால் போய்விட்டது. பிறகு ரொறொன்ரோவில் ஒரு சின்னக் கிளப் கூப்பிட்டது. வந்து ஒரு சம்மர் ஆடினான், கிளப்பை மூடிவிட்டார்கள். மிஞ்சியது வாளி மூடி.

எங்கள் ஷிஃப்டிலேயே இருந்தவர் குலமண்ணை. எங்கள் ஊர் அணியின் மனேஜர். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்... சம்மர் வந்தால் ஊருக்கு ஊர் பந்தடி. யாழ்ப்பாணத்தில் எந்த ஊரோ, அந்த ஊருக்குத்தான் இங்கேயும் ஆடலாம். வெளியாள் கூடாது. ஊரில் பெண் எடுத்த மருமகன் என்றால் மட்டும் விடுவார்கள்.

குலமண்ணை மின்சுவின் ஆட்டத்தை ஒருநாள்தான் பார்த்தார்.

“டேய் தம்பி, உவனை எங்கடை ஊர் மருமகன் ஆக்குவம்.”

“பொம்பிளை ஆர் அண்ணை?”

“பொம்பிளை பிறகு பாக்கலாம். முதல் கப்பை எடுப்பம்.”

போட்டி நாள். காலையில் செமிஃபைனல். குலமண்ணை எழுதிக் கொடுத்ததை மைக் பிடித்தவர் கொஞ்சமும் சிரிக்காமல் அறிவித்தார்: “ஒன்பதாம் இலக்கம், ஊரின் வருங்கால மருமகன், மனோகரன்!” கிரவுண்ட் முழுக்கச் சிரிப்பு. எதிரணியும் சிரித்தது. யாரும் மறிக்கவில்லை, ஏனென்றால் அவன் ஆடிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை.

மின்சு இரண்டு கோல் அடித்தான். சனம் ‘மனோ! மனோ!’ என்று கத்தியது. நாங்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

புல்லில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டான், மனோ யார் என்று.

நீதான் என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் ஐஸ் பையைக் கீழே வைத்தான்.

ஜப்பானில் ஆடிய காலம் முழுக்க அவனுக்கு மொரிதா என்றுதான் பெயராம். கொரியப் பெயரோடு வந்தால் கரைச்சல் என்று பயிற்சியாளர் கொடுத்த பெயர். அப்பா தன் பெயரை மாற்றாதவர். மகன் ஆடுவதைப் பார்க்க வருவார். ஒலிபெருக்கியில் மொரிதா, மொரிதா என்பார்கள். அது என் பிள்ளை என்று பக்கத்தில் இருப்பவனிடம் அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது. அப்படியே இருந்து, அப்படியே செத்தும் போனார்.

இங்கே வந்தும் இன்னொரு பெயரா என்று கேட்டான். ஃபைனலில் காங் மின்சுவாக ஆடுவேன், இல்லாவிட்டால் ஆடமாட்டேன் என்றான். அடுத்த சம்மருக்கு முழங்கால் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அவனுடைய கடைசி மேட்ச் அது.

நான் போய்க் குலமண்ணையிடம் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

“ஒரு மணித்தியாலம் மனோவா இருக்க ஏலாதாமோ? உண்மையைச் சொன்னா எங்களைத் தூக்கிப் போடுவாங்கள்.”

“ஏலாதாம் அண்ணை.”

“எனக்கும் பிளான்ட்டிலை கென் எண்டுதான் பேர். அது சம்பளத்துக்கு. விளையாடுறதுக்கு என்னத்துக்கடா கள்ளப்பேர்?” என்றார்.

நேரே போய் மைக்கை வாங்கினார்.

“காலமை ரெண்டு கோலும் அடிச்சது மனோகரன் இல்லை. அவர் எங்கடை மருமகனும் இல்லை. பேர் காங் மின்சு. ஊர் ஒசாக்கா.”

மின்சுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பெயரும் ஊரும் ஒலிபெருக்கியில் வந்ததும் எழும்பி நின்றான். அவன் நாலு பக்கமும் திரும்பித் தலை குனிந்து வணக்கம் சொன்னான்.

பிறகென்ன... எங்கள் வெற்றியை ரத்துச் செய்துவிட்டார்கள். தோற்ற அணி ஃபைனல் ஆடியது. எங்கள் பொடியள் அந்தச் சம்மர் முழுக்கக் குலமண்ணையோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். அந்த வருடக் கப் எங்களுடையது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மின்சு பிறகு ஒசாக்காவுக்கே திரும்பிவிட்டான். சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவதாகக் கேள்வி.

இப்போது இந்தப் போட்டிகளில் வெளியாட்களையும் விடுகிறார்களாம். என் மகளின் பந்தடி ஜெர்சியில் அவள் பெயர் ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை நீண்டு கிடக்கிறது. சுருக்கித் தா என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்க்கச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்.

போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பிளான்ட்டில் கேக் வெட்டினார்கள். ‘நன்றி சாம்’ என்று ஐசிங்கில் எழுதியிருந்தது.

பெரிய கேக்தான். சண்முகநாதன் என்று எழுதவும் அதில் இடம் இருந்தது.