மண் பூசிய புகைக்குழாய்

என் தாய்மாமா வாங்கிய மோட்டார் சைக்கிள் அவருக்கு முன்னால் இரண்டு துரைமார்களிடம் உழைத்தது. அவருக்குப் பார்த்திருந்த பொன்னமராவதிப் பெண்வீட்டாரிடமோ அதைப் புத்தம்புது வண்டி என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். மாமாவும் மறுக்கவில்லை. உடம்பெல்லாம் புதுச் சாயம் அடித்த பிறகு, உண்மையைக் காட்டிக்கொடுத்தது புகைக்குழாய் ஒன்றுதான். திருச்சிக்குப் போய் அதற்கு நிக்கல் முலாம் போட்டு வருவார். எங்கள் ஊர் புதுக்கோட்டை வந்து சேர்வதற்குள் சூட்டில் வைக்கோல் நிறமாகி, கத்தரிக்காய் நிறமாகி, நீலம் பாரித்துவிடும். பாம்பு கடித்த கால் மாதிரி இருக்கிறது என்பார் அப்பா.

எண்ணெய்க் கை பட்டால்தான் இப்படி ஆகிறது என்று யாரோ சொல்ல, நாங்கள் எல்லோரும் சீயக்காய் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வண்டிப் பக்கம் போகவேண்டும் என்று உத்தரவானது. பிறகு மாமா குழாயில் ஈரச் சாக்கைச் சுற்றிப் பார்த்தார். சாக்கு தீய்ந்தது, குழாய் நீலமாகவே இருந்தது.

இந்தக் கவலையோடு ஒருநாள் அடுப்படியில் வந்து நின்றவர், அம்மா வெண்கலப் பானைக்கு அடியில் களிமண் பூசுவதைப் பார்த்தார்.

"எதுக்குக்கா இது?"

"கரி புடிக்காமத்தான். ஆக்கி எறக்குனதும் மண்ணத் தட்டிவிட்டா பானை புதுசாட்டம் இருக்கும்."

அன்றிலிருந்து மாமா அடுப்படியே கதியென்று கிடந்தார். மண் சலித்தார், சாம்பல் கலந்தார், அம்மாவின் பானைகளுக்கெல்லாம் அவரே பூசிப் பழகினார்.

பெண் பார்க்கப் பெரியவர்கள் முந்தின நாளே வில்வண்டியில் போய்விட்டார்கள். மாமா மறுபடி முலாம் போட்ட குழாய்க்கு விரல் தடிமன் மண் பூசி, என்னைப் பெட்ரோல் டாங்கியின் மேல் உட்காரவைத்துப் புறப்பட்டார். சரளைச் சாலையில் வண்டி குதித்தபோது, விழுந்துவிடாமல் இருக்கக் கைப்பிடியில் இருந்த ஒரு லீவரைப் பிடித்துக்கொண்டேன். அது முன்னுக்கு நகர்ந்துவிட்டது. வண்டி சட்டென்று இலகுவாக ஓட ஆரம்பித்தது. வண்டியைக் கிளப்பும்போது பின்னுக்குத் தள்ளும் அந்த லீவரை, கிளம்பியதும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நெருப்பெல்லாம் குழாயில்தான் இறங்கும். இதை மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஊருக்கு வெளியே கண்மாய்க்கரையில் மண்ணைத் தட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடு. மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. கல்லால் தட்டினால் முலாம் போய்விடும். அதற்குள் சத்தம் கேட்டுப் பெண்வீட்டார் எதிர்கொண்டு வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்படியே வாசல்வரை போனோம்.

பெண்ணின் அப்பா வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "என்னங்க தம்பி, வண்டிக்குக் கால் ஒடிஞ்சிருச்சா? மாவுக்கட்டு போட்டுருக்கீங்க!"

மாமாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்தான் உரக்கச் சொன்னேன். "மாமா பூசுனதுங்க. எங்க வீட்டுப் பானைக்கெல்லாம் மாமாதான் மண்ணு பூசுவாக!"

கூடியிருந்த ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டுக்குள்ளே ஒரு பெண் அடக்கமாட்டாமல் சிரித்தாள். பெண்ணின் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து குழாயில் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து மண் பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே குழாய் வெள்ளித் தம்ளராக மின்னியது. எல்லோரையும்விட அதிகமாக வாய் பிளந்தவர் மாமாதான்.

பலகாரம் சாப்பிட்டோம். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

"ஒன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன் பாரு" என்று திரும்பும் வழியில் மாமா அலுத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே வந்தேன்.

அந்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது. கல்யாணம் முடிந்து வந்த அத்தையிடம், "அத்தனை பேர் கேட்டும் தலையாட்டாத பொண்ணு, எந்தம்பிய எப்புடி ஒத்துக்கிட்டே?" என்று அம்மா கேட்டாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "பானைக்கு மண்ணு பூசுவாகன்னு புள்ள சொல்லுச்சுல்ல, அதாங்க" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் அவள் கன்னத்தைத் தொட்டாள்.

எனக்கோ அத்தைமேல் வருத்தம்தான். அவ்வளவு பளபளப்பான குழாயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே!