ஆவி அடித்தவள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைப் பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வயதை வைத்து வந்த பெயரல்ல, குரலை வைத்து வந்தது. துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரி எந்திரத்தில் கொடுத்து வாங்கி, மடித்து, இரும்புத் தள்ளுவண்டியில் அடுக்குவது அவள் வேலை. மடிப்பு கோணினால் உதறிப் போட்டு மறுபடி மடிப்பாள். ஆட்கள் கோணினாலும் அப்படித்தான்.

ஒருநாள் வண்டியைத் தள்ளப் பிடியில் கை வைத்தவளுக்குப் பட்டென்று ஓர் அடி விழுந்தது. முழங்கை வரை சுரீரென்றது. மறுநாளும் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது மேற்பார்வையாளரைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினாள்.

"சார், இந்த வண்டியில ஷாக் அடிக்குது."

"வண்டிக்கு ஏதும்மா கரண்ட்? ஒயரு இருக்கா, பிளக்கு இருக்கா?" அவர் பிடியைத் தொட்டார். ஒன்றுமில்லை. தட்டினார், தடவினார், குலுக்கினார். வண்டி பசுவைப் போல நின்றது.

"பக்கத்துல குழாய்ல ஆவி சீறிக்கிட்டே இருக்குல்ல, ஒருவேளை அந்த ஆவி அடிச்சிருக்கும்" என்றார். கூடமே சிரித்தது. குழாய் இணைப்பில் விரிசல் விட்டு நீராவி சீறுவதை அவள் பலமுறை சொல்லியாயிற்று. அதைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

சிரிப்போடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "வேலைப்பளுவா இருக்கும், எதுக்கும் காட்டிடு" என்று மாடியில் இருந்த மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் அவள் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கொஞ்ச நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடேன்" என்றான் அவன்.

"நீங்களுமா? அடி விழுந்தது என் கைக்குங்க, மூளைக்கு இல்ல!"

ஆனாலும் லீவு போட்டாள். மாத்திரையால் தூக்கம் தூக்கமாய் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடியே நின்றிருக்கிறாள். ஒருவேளை நமக்குத்தான் என்னவோ ஆகிவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டிவிட்டது. பிறகு நினைத்துப் பார்க்கையில் அவளுக்கு அதிகம் வலித்தது அதுதான்.

திரும்பி வந்த அன்று, அவளுக்குப் பதிலாக வேலை பார்த்த ஒல்லிப் பெண் வண்டியைத் தள்ளுவதைக் கண்டாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, மூஞ்சியைச் சுளித்தபடி, பாம்பைத் தொடுவதுபோலத் தொட்டாள் அந்தப் பெண்.

"ஏண்டி, உனக்கும் அடிக்குதா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "எல்லாருக்குந்தான்கா."

"அப்புறம் ஏண்டி வாயைத் திறக்கல?"

"உங்களுக்குக் குடுத்த மாத்திரைய எங்களுக்கும் குடுத்துட்டா என்னக்கா பண்றது?"

பெரியக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. விறுவிறுவென்று போய் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தாள். இந்த முறை, சாப்பாட்டு வேளையிலிருந்து யாரும் தொடாத வண்டி. ஆவிக்கு எதிரிலேயே நின்றிருந்தது.

"சார், இதைக் கொஞ்சம் தள்ளி விடுங்க."

கை பட்டதும் படீரென்று பொறி பறந்தது. "ஐயோ!" என்று துள்ளியவரின் மறுகையில் இருந்த டீ சட்டையெல்லாம் வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே பராமரிப்புப் பொறியாளர் ஓடிவந்தார். அவள் சொல்லும்போது வராத ஆள்! வந்தவர் பார்த்தார், கண்கள் பளபளத்தன.

"ஆவியில பொடிப்பொடியா நீர்த்துளி இருக்கு. விரிசல் வழியா உரசிக்கிட்டு வர்றப்ப ஒவ்வொரு துளியும் கொஞ்சம் மின்சாரத்தைச் சுமந்துட்டு வருது. வண்டிக்கு ரப்பர் சக்கரம், தரைக்கு இறங்க வழியில்ல. வண்டியிலயே சேர்ந்துக்குது. ஒருத்தர் தொட்டா அவர் வழியா இறங்கிடும். மறுபடி சேரக் கொஞ்ச நேரமாகும்."

"அதான் அன்னிக்கு இவருக்கு அடிக்கல" என்றாள் பெரியக்கா. "இவருக்கும் சேர்த்து நானே வாங்கிட்டு நின்னேன்."

இனி விரிசலை அடைப்பார்கள் என்றுதான் நினைத்தாள். பொறியாளரோ, மின்சாரம் தரைக்கு இறங்கிவிடாதபடி கண்ணாடிப் பாட்டில்களின் மேல் கம்பி வலை ஒன்றை நிறுத்தி ஆவியைப் பிடித்தார். வலையில் சேர்ந்த மின்சாரத்தில் சின்னஞ்சிறு விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்றது. அதைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், படம் பிடித்தார்கள். "முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்" என்று மேற்பார்வையாளர் நெஞ்சை நிமிர்த்தினார். பெண்களைப் பிடியில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

தலைமை மருத்துவர் அம்மா பார்க்க வந்த அன்று அவள் எந்திரத்தை நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"மேடம், இதே அடி எனக்கு விழுந்தப்ப நரம்புத் தளர்ச்சின்னாங்க. சாருக்கு விழுந்ததும் விஞ்ஞானமாயிடுச்சு. நாங்க இன்னும் அடி வாங்கிட்டுத்தான் இருக்கோம்."

அந்த அம்மா பொறியாளரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் ஏன் அடைக்கல?"

"ஆராய்ச்சிக்காக, மேடம்…"

மாலைக்குள் குழாய் இணைப்பை மாற்றினார்கள். வண்டிக்கு அடியில், தரையைத் தொடும்படி ஒரு சங்கிலியும் மாட்டினார்கள்.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன கோபம்?" என்றார் மேற்பார்வையாளர். அவள் மிச்ச மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கூடத்துப் பெண்களும் பின்னாலேயே ஏறினார்கள்.

"எனக்கு வியாதி இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க டாக்டர்."

"இப்படிக் கோபப்படறதும் ஒரு அறிகுறிதாம்மா."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அசையவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"சரி. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"சத்தமா. வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"ஒண்ணும் இல்லம்மா! அன்னிக்கும் இல்ல!"

படியிறங்கும்போது ஒல்லிப் பெண் கேட்டாள். "இப்ப மனசு ஆறிடுச்சாக்கா?"

"எப்படிடி ஆறும்?" என்றாள் பெரியக்கா. "இதை அவர் வாயிலேருந்து வாங்க மாடியேற வேண்டியிருக்கு. அடுத்த தடவை யாருக்கு எது நடந்தாலும் அன்னிக்கே சொல்லணும். எல்லாரும் சேர்ந்து சொல்லணும். கேட்டுச்சா?"

மாடிப்படி முழுக்க எதிரொலிக்கிற அளவுக்கு அவர்கள் "கேட்டுச்சுக்கா" என்றார்கள்.